வம்பர் மகாசபையில் நானும் ஓர் அங்கத்தினன்



போசரி என்றால் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. புனேயிலிருந்து நாசிக் போகும் பாதையில் வந்தால், சாலையின் இரண்டு பக்கமும் பட்டறைகளும் தொழிற்சாலைகளுமாக வரும். அதுதான் எங்கள் ஊர். 1978-ல் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஹோல்டால், டிப்ளமா சர்டிபிகேட் இவற்றோடு இங்கே வந்து இறங்கினேன். லேத், மில்லிங் மெஷின், கூலண்ட் ஆயில் வாசனை என்று முப்பத்தெட்டு வருஷம் ஓடிவிட்டது. இலக்கியத்துக்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது. ரயிலில் போகும்போது ஒரு வாரப் பத்திரிகை வாங்குவேன், இறங்கும்போது சீட்டிலேயே விட்டுவிட்டு வருவேன். அவ்வளவுதான் என் வாசிப்பு. அப்படிப்பட்டவன் ஒரு நாவலாசிரியரைப் பற்றி எழுத வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

2017-ல் நங்கநல்லூரில் என் அத்திம்பேர் காலமானார். பதின்மூன்று நாள் காரியங்கள் முடிந்தபின் அக்கா அவருடைய புத்தக அலமாரியைக் காட்டி, வேண்டியதை எடுத்துக்கொள், மிச்சத்தைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடப் போகிறேன் என்றாள். மரியாதைக்காக நாலைந்து எடுத்துக்கொண்டேன். அதில் ஒன்றுக்கு மேலட்டையும் இல்லை, முதல் சில பக்கங்களும் இல்லை. யார் எழுதினது, என்ன பேர், ஒன்றும் தெரியாது. அன்றிரவு மும்பை மெயிலில் ஏறினேன். மறுநாள் காலை ரெய்ச்சூர் தாண்டும்போது, வெளியே பார்க்கவும் ஒன்றும் இல்லாததால் அதைப் பிரித்தேன்.

ஏதோ ஒரு கிராமத்துக் கதை. சிறுகுளம் என்று ஊர். முத்துஸ்வாமி ஐயர், அவர் ஆத்துக்காரி கமலாம்பாள், இருவருக்குள்ளும் செல்லச் சண்டை, பெண்ணின் கல்யாணப் பேச்சு. இது தூக்கம் வரவழைக்கத் தோதான புத்தகம் என்றுதான் நினைத்தேன். ஆனால் தூக்கம் வரவில்லை. ஊர்ப் பெண்கள் தண்ணீர்த் துறையில் கூடி ஊரார் சமாசாரத்தையெல்லாம் அலசுகிற கூட்டத்துக்கு ஆசிரியர் வம்பர் மகாசபை என்று பெயர் வைத்திருக்கிறார். அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். எதிர் சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். புனே ஸ்டேஷனில் இறங்கும்போது புத்தகத்தில் கால்வாசி பாக்கி இருந்தது. இறங்கின பிறகு பிளாட்பாரத்து பெஞ்சிலேயே உட்கார்ந்து அரைமணி படித்தேன். பிள்ளை வந்து தேடிக் கண்டுபிடித்து அழைத்துப் போனான்.

அப்புறம்தான் விசாரித்து, அது பி.ஆர். ராஜமையர் எழுதிய கமலாம்பாள் சரித்திரம் என்று தெரிந்துகொண்டேன். தமிழின் முதல் நாவல் என்று வழக்கமாகச் சொல்லப்படுவது வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம், 1879-ல் வந்தது. அதற்குப் பிறகு வந்தவற்றில் தலையாயது இது என்பார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் அதையும் ஒரு மார்க் கேள்வியாகப் படித்திருக்கிறேனாம். ஆசிரியர் பேரும் நூலின் பேரும் ஞாபகம் இருந்தால் ஒரு மார்க். புத்தகத்தைத் தொட்டுப் பார்க்க ஐம்பது வயது தாண்டி அத்திம்பேர் போகவேண்டியிருந்தது.

ராஜமையர் 1872-ல் வத்தலகுண்டில் பிறந்தார். அன்றைய மதுரை ஜில்லா. திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானல் போகிறவர்கள் இந்த ஊரைத் தாண்டித்தான் போகவேண்டும். சின்ன ஊர் என்று நினைக்க வேண்டாம். மணிக்கொடி காலத்து பி.எஸ். ராமையா அந்த ஊர்க்காரர். வாடிவாசல் எழுதிய சி.சு. செல்லப்பா வளர்ந்ததும் அங்கேதான். தெரு மண்ணிலேயே கதை சொல்கிற குணம் இருக்கிறதோ என்னவோ! செல்லப்பாவின் ஜல்லிக்கட்டை எல்லாரும் அறிவார்கள். அதற்கு ஐம்பது அறுபது வருஷம் முன்பே கமலாம்பாள் சரித்திரத்தில் ஒரு ஜல்லிக்கட்டு வந்துவிட்டது.

ஊரிலும் மதுரையிலும் படித்துவிட்டு, சென்னைக்குப் போய்க் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். 1889-ல் பி.ஏ. ஆனபோது அவருக்குப் பதினேழு வயசு. அந்தக் காலத்தில் பி.ஏ. படித்த நம்மாத்துப் பையனுக்கு அடுத்த ஸ்டேஷன் எது என்று சொல்லவேண்டியதில்லை. சட்டப் படிப்பு, கறுப்பு கவுன், கோர்ட்டு, கச்சேரி, கார்வார். அவரும் சட்டம் படிக்கப் போனார். ஆனால் மனசு அதில் ஒட்டவில்லை, வக்கீலாகவும் இல்லை. ஒரு பக்கம் ஆங்கிலக் கவிகள், இன்னொரு பக்கம் கம்பர், எல்லாவற்றுக்கும் மேலே தாயுமானவர். வேதாந்த விசாரம் சின்ன வயசிலேயே பிடித்துக்கொண்டது. இது எல்லாவற்றின் அர்த்தமும் என்ன என்ற கேள்வி, மற்றவர்களுக்கு ஓய்வூதியம் வாங்கியபின் வருவது, அவருக்கு இருபது வயசில் வந்துவிட்டது. குருவைத் தேடி, ஒரு சந்நியாசியிடம் உபதேசமும் பெற்றார்.

அந்தச் சமயத்தில் சென்னையில் சி.வி. சுவாமிநாத ஐயர் விவேகசிந்தாமணி என்ற மாதப் பத்திரிகையை நடத்திவந்தார். அதில் 1893-ல் ராஜமையர் ஒரு தொடர்கதை ஆரம்பித்தார். முதலில் வைத்த தலைப்பு ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம். 1895 வரை மாதாமாதம் வந்து, 1896-ல் புத்தகமாயிற்று. தொடங்கும்போது அவருக்கு இருபத்தொரு வயசு. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

வேதாந்தத்தில் மூழ்கின ஒரு வாலிபர் எழுதினால் எப்படி இருக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம்? முதல் பக்கத்திலேயே மாயை, ஸம்ஸார சாகரம், சுலோகங்கள் என்றல்லவா? அதெல்லாம் இல்லை. திண்ணை, அடுக்களை, ஓரகத்திகளின் பொறாமை, கல்யாணப் பந்தலில் சம்பந்திச் சண்டை, மதுரையில் படிக்கிற மாப்பிள்ளைப் பையன் ஸ்ரீநிவாசன், அவனுடைய சிறு பெண்டாட்டி லக்ஷ்மி. இவர்களோடு ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்று ஒரு தமிழ்ப் பண்டிதர் வருகிறார். படித்த பாட்டெல்லாம் தொண்டை நுனியில் இருக்கும், உலகம் மட்டும் தெரியாது. இப்படி ஒரு வாத்தியாரிடம் நம்மில் பலர் படித்திருக்கிறோம். எனக்கு எங்கள் தமிழ் ஐயாதான் கண்முன் வந்தார். பேயாண்டித் தேவன் என்ற கொள்ளைக்காரன் கூட வருகிறான். அவனைக் கூடப் பயமுறுத்துகிற பூதமாகக் காட்டாமல் ஒரு மனுஷனாகத்தான் காட்டுகிறார்.

ஆசிரியர் சத்தமே போடுவதில்லை. ஒருத்தரையும் திட்டுவதில்லை. நம் கூடத் திண்ணையில் உட்கார்ந்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே ஊர்க்கதை சொல்கிற ஒரு சித்தப்பா மாதிரி சொல்லிக்கொண்டு போகிறார். நாமும் சிரித்துக்கொண்டே கேட்கிறோம். அந்த வம்பர் மகாசபையைப் பார்த்தும் சிரிக்கிறோம். அவர்களை ஒரு கெட்ட கும்பலாக அவர் காட்டவில்லை. வீட்டு வேலை முடித்து வந்த நாலு பெண்கள், பொழுது போகப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். சிரித்துச் சிரித்து நாமும் அந்தச் சபையில் ஓர் ஓரமாக உட்கார்ந்துவிடுகிறோம்.

பிறகு கதை மெல்லத் திரும்புகிறது. தம்பி சுப்பிரமணிய ஐயரின் மனைவி பொன்னம்மாளின் பொறாமையால் குடும்பம் இரண்டாகிறது. முத்துஸ்வாமி ஐயரின் குழந்தை நடராஜன் காணாமல் போகிறான். சொத்து போகிறது. இவ்வளவையும் ஒருவருக்கொருவர் துணையாகத் தாங்கிக்கொண்ட அந்தத் தம்பதியைப் பிரித்தது எது தெரியுமோ? ஒரு பேச்சு. கமலாம்பாளின் நடத்தையைப் பற்றி யாரோ எங்கேயோ கிளப்பிவிட்ட அபவாதம். அது அவர் காதில் விழுகிறது. அவ்வளவு நாள் கூட வாழ்ந்த மனுஷர் மனசு உடைந்து, உயிரையே விட்டுவிடலாம் என்கிற நிலைக்கு வருகிறார். முன்னே நாம் சிரித்துக்கொண்டே கேட்ட அதே மாதிரிப் பேச்சுதான் இங்கே ஒரு குடும்பத்தின் கழுத்தில் வந்து விழுகிறது. தலைப்பிலேயே சொல்லியிருந்தாராம். எனக்குத்தான் அட்டையும் தலைப்பும் கிழிந்த புத்தகம் கிடைத்தது!

இப்போது, முன்பு தள்ளிவைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

1984 என்று ஞாபகம். போசரியில் அப்போது நம்மவர்கள் இருபது குடும்பம் இருந்தால் அதிகம். வியாழக்கிழமை பட்டறைகளுக்கு விடுமுறை, அன்றைக்குக் கரண்டும் இருக்காது. அதனால் வியாழன் சாயங்காலம் யாராவது ஒருத்தர் ஆத்தில் விஷ்ணு ஸஹஸ்ரநாமம் வைத்துக்கொள்வோம். பாராயணம் அரைமணி. காப்பியும் பேச்சும் ஒன்றரை மணி. எங்கள் கட்டடத்தில் கீழ்ப் போர்ஷனில் ஒரு மாமி இருந்தார். மாமா வளைகுடாவில் வேலை. மாமியும் இரண்டு குழந்தைகளும் வயசான மாமியாரும் இங்கே. வாரத்தில் இரண்டு நாள் ராத்திரி எட்டு மணிவாக்கில் ஒரு வாலிபன் சைக்கிளில் வருவான், ஒரு மணி நேரம் கழித்துப் போவான். இரண்டு மூன்று தடவை பார்த்தேன். ஒரு வியாழக்கிழமை, காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, மாமா அங்கே ஒட்டகம் மேய்க்கிறார், இங்கே ஆத்துக்குக் காவல் பலமாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு இருபத்தேழு வயசு. சிரிக்கவைக்க முடிந்ததில் ஒரு பெருமை.

நான் சொன்னது அந்த ஒரே வாக்கியம்தான். பத்து நாள் கழித்து அது கையும் காலும் முளைத்து என்னிடமே திரும்பி வந்தது. சொன்னவருக்கு அது என்னிடமிருந்து கிளம்பினது என்பதே தெரியாது. நானும் அப்படியா என்று கேட்டுக்கொண்டேன். மாதுங்காவில் இருந்த மாமாவின் அண்ணா காதுக்கு அது போயிற்று. அடுத்த மாதம் மாமா லீவில் வந்தார். இரண்டு நாள் கீழ்ப் போர்ஷனில் ஒரு சத்தமும் இல்லை. சத்தம் இருந்திருந்தால் தேவலை. அந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். குழந்தைகளுக்கு நடுவருஷம், பரீட்சை கூட முடியவில்லை. லாரியில் சாமான் ஏற்றும்போது நான் கூட ஒரு கை பிடித்தேன்.

ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தப் பையன் பிம்பிரியில் ஒரு கம்பெனியில் அப்ரென்டிஸ். ஏழைப் பையன், தகப்பனார் இல்லை. மாமியாரும் மாட்டுப்பெண்ணுமாகச் சேர்ந்து அவனுக்கு வாரத்தில் இரண்டு நாள் சாப்பாடு போட்டிருக்கிறார்கள். மாமாவுக்கும் அது தெரியும். நம் ஊர்களில் வாரச் சாப்பாடு என்று இருந்ததே, அதுதான். ராஜமையர் காலத்தில் எத்தனையோ பையன்கள் அப்படிச் சாப்பிட்டுத்தான் படித்து முன்னுக்கு வந்தார்கள். எங்களுக்கு அது தோன்றவில்லை. தோன்றியிருக்கலாம், ஆனால் அதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லையே.

இது யாருக்கும் தெரியாது. என் ஆத்துக்காரிக்குக் கூட, அந்தப் புத்தகம் படித்த பிறகுதான் சொன்னேன். முப்பது வருஷம் வியாழக்கிழமை பாராயணத்தில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு நாளும் உறுத்தினதில்லை. மறந்தே போய்விட்டது. யாரும் என்னைக் கண்டிக்காத ஒரு புத்தகத்தில், யாரையும் கோபிக்காத ஓர் ஆசிரியர், சாவதானமாக என்னை அந்தத் தண்ணீர்த் துறையில் கொண்டுபோய் உட்காரவைத்து, இது யார் தெரிகிறதா என்று கேட்டமாதிரி இருந்தது. உபதேசமாக எழுதியிருந்தால் நான் இரண்டு பக்கத்தில் மூடிவைத்திருப்பேன்.

பக்கத்து வீட்டில் ஒரு மராட்டிக்காரர், ரிடையர்ட் பள்ளி ஆசிரியர். காகா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் இந்த நாவலைப் பற்றிப் பேசினபோது, அதே வருஷங்களில் இங்கே புனேயிலும் ஒருவர் எழுதினாரே என்றார். ஹரி நாராயண் ஆப்டே. 1864-ல் பிறந்து 1919-ல் காலமானவர், புனே நகரசபைக்குத் தலைவராகக் கூட இருந்தவர். அவர் 1890-ல் கரமணூக் என்று ஒரு பத்திரிகை தொடங்கி, அதில் ஒரு பிராம்மண வீட்டுப் பெண் தன் கதையைத் தானே சொல்வதாக ஒரு நாவலைத் தொடராக எழுதினார். யார்தான் கவனிக்கிறார்கள் என்று அர்த்தம் வரும் தலைப்பு. சின்ன வயசில் விதவையாகி, குடும்பத்தாராலேயே நசுக்கப்படுகிற பெண்ணின் கதை. முலாமுட்டா நதிக்கரையில் ஒருவர், வைகைப் பக்கத்திலிருந்து போன இன்னொருவர். ஒருவரை ஒருவர் அறிந்திருந்தார்களா என்பதெல்லாம் வேறு. இரண்டு பேருமே வீட்டுக்குள் பெண்களுக்கு என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து கவனித்திருக்கிறார்கள். ஆப்டே சீர்திருத்தவாதி, அவர் எழுத்தில் கோபம் தெரியும் என்கிறார் காகா. ராஜமையரிடம் அந்தக் கோபம் கிடையாது. அது ஒரு குறை என்று சொல்கிறவர்களும் இருக்கலாம். ராஜமையரோடு அதே 1872-ல் பிறந்து, அதே கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த அ. மாதவையா கூடக் கோபக்காரர்தான். அவருடைய பத்மாவதி சரித்திரம் 1898-ல் வந்தது. நம் சமூகத்துக்கு இரண்டு விதமானவர்களும் வேண்டியிருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

காகா இன்னொன்றும் சொன்னார். போசரியிலிருந்து ஆளந்தி பக்கம். ஞானேஸ்வர் மகராஜ் ஸமாதி கொண்ட இடம். ஆஷாட யாத்திரைக்குப் பால்கி கிளம்பும்போது எங்கள் பக்கமெல்லாம் ஒரே பஜனைக் கோஷமாக இருக்கும். ஞானேஸ்வரின் தகப்பனார் விட்டல்பந்த், மனைவி இருக்கும்போதே காசிக்குப் போய் ஸந்நியாசம் வாங்கிக்கொண்டாராம். விஷயம் தெரிந்த குரு, திரும்பிப் போய் இல்லறம் நடத்து என்று அனுப்பிவிட்டார். குரு சொல்லைக் கேட்டு வந்தவரை ஊர் ஏற்கவில்லை. ஸந்நியாசியின் பிள்ளைகள் என்று நான்கு குழந்தைகளையும் ஒதுக்கிவைத்தார்கள், உபநயனம் செய்விக்க மறுத்தார்கள். பிராயச்சித்தமாகப் பெற்றோர் உயிரையே விட்டார்கள் என்று இங்கே சொல்கிறார்கள். அந்த அநாதைக் குழந்தைகளில் ஒருவர்தான் 1290-ல் ஞானேஸ்வரி எழுதினார், 1296-ல் இருபத்தொரு வயசில் ஜீவஸமாதி ஆனார். நாற்பது வருஷமாக ஆளந்திக்குப் போய் வந்துகொண்டிருக்கிறேன், இந்தக் கதையை ஊர்வாய் என்கிற கோணத்தில் ஒருநாளும் யோசித்ததில்லை.

கமலாம்பாள் சரித்திரத்திலும் முத்துஸ்வாமி ஐயர் வீட்டைத் துறந்து போய், ஸச்சிதானந்த ஸ்வாமிகள் என்ற குருவை அடைகிறார். பின்பாதி முழுக்க இந்தத் தேடல்தான். முன்பாதியில் இருந்த வேடிக்கை பின்பாதியில் இல்லை, வேதாந்தம் கதையை விழுங்கிவிட்டது என்று பெரிய விமரிசகர்களே எழுதியிருக்கிறார்கள். முதல் தடவை படித்தபோது எனக்கும் அங்கே கொஞ்சம் இழுவையாகத்தான் இருந்தது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் தடவை படித்தபோது வேறுவிதமாகப் பட்டது. இவ்வளவு அடி வாங்கின ஒரு மனுஷன் அதற்குமேல் என்ன செய்வான்? பழி தீர்க்கப் போகலாம், அல்லது இந்த நான் என்பது யார், யார் சொன்னதால் இது உடைகிறது என்று கேட்கலாம். ராஜமையர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். அதிலும் அவர் கமலாம்பாளை விட்டுவிடவில்லை. குரு கிருபையால் புருஷனும் பெண்டாட்டியும் மறுபடி சேருகிறார்கள், காணாமல் போன பிள்ளையும் கிடைக்கிறான். ஞானம் வந்தவன் பெண்டாட்டியை மறந்துவிட வேண்டும் என்று இருபத்துமூன்று வயசு வேதாந்தி எழுதவில்லை பாருங்கள், அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

நாவல் முடிந்ததும் அவர் கதை எழுதி பெரிய ஆளாகப் பார்க்கவில்லை. ஸ்வாமி விவேகானந்தரின் சென்னை அன்பர்கள், அவருடைய ஊக்கத்தோடு 1896 ஜூலையில் பிரபுத்த பாரதம் என்ற ஆங்கில மாதப் பத்திரிகையைச் சென்னையில் தொடங்கினார்கள். அதன் முதல் ஆசிரியர் ராஜமையர். வயசு இருபத்துநாலு. பெரும்பாலான கட்டுரைகளை அவரே வெவ்வேறு புனைபெயர்களில் எழுதித் தள்ளினார். கஷ்டமான வேதாந்த விஷயத்தைக் கதையாகச் சொல்வது அங்கேயும் தொடர்ந்தது. வாசுதேவ சாஸ்திரி என்பவரின் கதையை ஆங்கிலத்தில் தொடராக ஆரம்பித்தார். அது முடியவில்லை.

1898 மே 13-ஆம் தேதி ராஜமையர் காலமானார். இருபத்தாறு வயசு. பத்திரிகையும் அடுத்த மாதத்தோடு நின்றது. ஆசிரியரோடு பத்திரிகையும் போய்விடும் என்றுதான் அன்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் விவேகானந்தர் அதை விடவில்லை. ஹிமாலயத்தில் அல்மோராவுக்கு மாற்றி, ஸ்வாமி ஸ்வரூபானந்தரை ஆசிரியராக்கி, அதே ஆகஸ்டில் மறுபடி கொண்டுவரச் செய்தார். அதற்காகவே ஒரு கவிதையும் எழுதிக்கொடுத்தார். 1899-ல் மாயாவதி ஆசிரமம் ஏற்பட்டபோது பத்திரிகை அங்கே போயிற்று. இன்றைக்கும் ராமகிருஷ்ண மடத்தார் நடத்துகிறார்கள், நூற்றிருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ராஜமையரின் ஆங்கிலக் கட்டுரைகளைச் சேர்த்து 1905-ல் ஒரு பெரிய புத்தகமாகப் போட்டார்கள். கமலாம்பாள் சரித்திரத்தை ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1998-ல் வெளியிட்டார். ராஜமையர் போய் சரியாக நூறாவது வருஷம். அந்த மொழிபெயர்ப்புக்கு அவர் வைத்த தலைப்பும் அபவாதத்தைப் பற்றியதுதான்.

புத்தகம் படித்துவிட்டு ஒரு வருஷம் சும்மா இருந்தேன். பிறகு மனசு கேட்கவில்லை. நம் சங்கத்து நண்பர்கள் இரண்டு மூன்று ஊர்களில் விசாரித்துக் கொடுத்ததில், அந்த மாமி கோயம்புத்தூர் பக்கம் பிள்ளையோடு இருப்பதாகத் தெரிந்தது. மாமா போய்ச் சில வருஷமாயிற்றாம். ஒரு கடிதம் எழுதினேன். நாலு தடவை கிழித்து எழுதினேன். அந்த வாக்கியத்தைச் சொன்னது நான்தான் என்பதை எழுதினேன். ஏன் சொன்னேன் என்பதற்கு விளக்கம் எழுதப் பார்த்து, அதை அடித்துவிட்டேன். இந்த நாவலைப் பற்றியும் இரண்டு வரி எழுதினேன்.

மூன்று வாரம் கழித்து மாமியே போன் செய்தார். குரல் அப்படியே இருந்தது. என் ஆத்துக்காரி சௌக்கியம், குழந்தைகள் எங்கே இருக்கிறார்கள், போசரியில் இப்போது தண்ணீர்க் கஷ்டம் உண்டா, எல்லாம் விசாரித்தார். கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கத் தைரியம் இல்லாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். வைக்கப் போகிற சமயத்தில், அந்தக் கதை எழுதினவருக்கு அப்போது என்ன வயசு என்று எழுதியிருந்தாய் என்று கேட்டார். இருபத்தொன்று மாமி என்றேன்.

அந்தப் பையனுக்கும் அப்போது இருபத்தொன்றுதான் என்றார். எங்களைப் பற்றிப் பேச்சு கிளம்பினது தெரிந்து, அதற்கப்புறம் யார் ஆத்திலும் சாப்பிடவே மாட்டேன் என்றுவிட்டான் என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு, அந்தப் புத்தகம் இருந்தால் அனுப்பேன், படித்துவிட்டுத் தருகிறேன் என்றார்.

அட்டை இல்லாத அத்திம்பேர் பிரதியை அனுப்ப மனசு வரவில்லை. சென்னையிலிருந்து புதுப் பிரதி ஒன்று வரவழைத்து, மறுநாளே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவைத்தேன்.